மூச்சு விடாமல் எடுத்த படம்

தோல் பதனிடும் ஊரில் வளர்ந்தவனுக்கு மூச்சை அடக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆம்பூர் பேருந்து கழிவுக் கால்வாயை நெருங்கினாலே எல்லோரும் நெஞ்சு நிறைய இழுத்து, பாலம் தாண்டும்வரை பிடித்திருப்போம். (காதல் பேசுகிறவர்கள்கூட பாதிச் சொல்லில் நிறுத்திவிடுவார்கள்.) அந்தப் பாலத்தின் மேல் நான் சக்கரவர்த்தி.

தோலுக்கு நிறமேற்றும் ஸ்பிரே பிரிவில் சூப்பர்வைசர் வேலை. மாதக்கணக்கில் இருமல், மாடிப்படி ஏறினால் நனைந்த ஆர்மோனியம்போல் இழுப்பு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வேலூருக்கு சிடி ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள்.

"நுரையீரல்ல ரொம்பச் சின்னக் குழாய்ங்க இருக்கு. அது அடைச்சிருந்தா உள்ள போன காத்து வெளிய வராது. இழுத்து ஒரு படம், வுட்டுட்டு ஒரு படம் எடுத்தாத்தான் தெரியும்," என்றார் ஸ்கேன் டாக்டரம்மா.

அடைப்பு இருந்தால் ஸ்பிரே பிரிவு போச்சு, குடோன்தான். ஈரச் சிவப்புச் சாயம் தோலில் இறங்கி, சாயங்கால வானமாய் விரியும் அந்த நொடியை விட்டு அட்டைப்பெட்டிகளோடு வாழ்வதா? எப்படியாவது பாஸாகிவிட முடிவெடுத்தேன்.

மெஷினுக்குள் படுத்தேன். "இழுத்துப் புடிங்க," என்றது மைக். பிடித்தேன். "இப்ப முழுசா வெளிய வுட்டு, அப்படியே நிறுத்துங்க."

காலி நெஞ்சோடு படமா? (கல்யாண ஆல்பம் முழுக்கத் தொப்பையை எக்கி நின்றவன் நான்.) வாயால் "உஸ்ஸ்" என்று சத்தம் மட்டும் விட்டேன். காற்று பத்திரமாக உள்ளேயே இருந்தது.

டாக்டரம்மா விறுவிறுவென்று வந்தார். "வுட்டீங்களா, இல்லியா?"

"வுட்டேன் மேடம்."

"பொய்! வுட்டிருந்தா பெரிய மூச்சுக்குழாயோட பின்பக்கம் உள்ள அமுங்கியிருக்கும். உங்களுக்கு உருண்டையா நிக்குது. இத நம்புனா ரெண்டு நுரையீரலும் மொத்தமா அடைச்சிருக்குன்னு எழுதணும்!"

கதவுக்கு வெளியே இருந்த என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கடைசி வரி மட்டும் கேட்டது. "ஐயோ, மொத்தமாவா!" அந்த அலறலில் வரிசையிலிருந்த ஒரு பெரியவர் ஸ்கேனே வேண்டாமென்று எழுந்துவிட்டார்.

மறுபடி படுத்தேன். இந்தமுறை நிஜமாகவே விட நினைத்தேன். "நிறுத்துங்க" என்றதும் நெஞ்சு பழக்கதோஷத்தில் தானே இழுத்துக்கொண்டது. மூன்றாம் முறையும் அதே கதை. டாக்டரம்மா சோர்ந்துபோய் மைக்கை ஸ்டெல்லாவிடம் நீட்டினார்.

"யோவ்! பாலம் தாண்டிட்டோம்யா, வுடு!"

போனது, போனது, பஞ்சராய்ப்போன லாரி டயர்போல். படம் அற்புதமாக விழுந்தது. கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் காற்று சிக்கியிருப்பதும் அதில் அழகாகத் தெரிந்தது.

இன்ஹேலர் வந்தது. குடோனும் வந்தது. இழுப்பு கம்மியாகிவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டு பாபு எங்களுக்கு இரவல் கொடுத்த ஏணியைத் திருப்பிக் கேட்டு வரும்போதெல்லாம் ஸ்டெல்லா வாசலிலேயே மடக்கிவிடுகிறாள்: "வாங்குன காத்தயே திருப்பித் தராத மனுஷன்பா இவரு. ஏணியா தரப்போறாரு?"