பவுனுக்கு என்ன கோளாறு?

"போ தாயி, போ! தாண்டு!"

துரைப்பாண்டி கத்திய கத்தலில் கண்மாய்க்குள் மேய்ந்த கொக்குகள்கூடப் பறந்துவிட்டன. பவுனுதான் போகவில்லை. நாலுகால் பாய்ச்சலில் வந்த குதிரை, குறுக்கே கிடந்த பனங்கட்டைக்கு ஒரு முழம் இப்பால் கால்களை ஊன்றி நின்றுவிட்டது. துரைப்பாண்டி அதன் கழுத்தில் முகம் இடித்து, மூக்கைத் தடவிக்கொண்டார்.

"எத்தனையாவது தடவைவே?"

"பதினொண்ணு" என்றார் கரையில் உட்கார்ந்திருந்த ஜெயசிங். அவர் துரைப்பாண்டி ஓட்டும் பஸ்ஸின் கண்டக்டர். டிக்கெட் கேட்பதைத் தவிர வேறு எதற்கும் வாயை வீணாக்க மாட்டார்.

துரைப்பாண்டி சங்கரன்கோவிலுக்கும் சிவகிரிக்கும் இடையே ஓடும் மினி பஸ்ஸின் டிரைவர். அவர் வண்டியில் பதினெட்டு வருடமாக ஒருவர் தலையும் முன் சீட்டுக் கம்பியில் முட்டியதில்லை. தட்டுத் தட்டாக முட்டை ஏற்றும் வியாபாரியும், ஏழு மாத வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்களும் முன்னால் வரும் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு இவருக்காகக் காத்திருப்பார்கள். "அண்ணாச்சி வண்டியில ஒரு குலுக்கல் இருக்காது" என்று பெயர்.

அப்பேர்ப்பட்ட மனிதர் நான்கு வருடம் முன்பு கறவை மாடு வாங்கக் குருவிகுளம் போய், ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மனைவி கோமதித்தாய் அன்று கையில் பால் சட்டியோடு வாசலில் நின்றாள். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் விடவில்லை.

குதிரை வந்தால் சும்மா கட்டிப்போட முடியுமா? வருடா வருடம் பொங்கல் கழிந்து பக்கத்தில் ஒரு குதிரையேற்ற சங்கம் முப்போட்டி நடத்தும். முதலில் ஒழுங்கு நடை. அடுத்து மைதானத்தில் முழங்கால் உயரக் கம்புகள். கடைசியாகக் காட்டோட்டம்: மரக்கட்டை, பள்ளம், தண்ணீர் எல்லாம் தாண்டி ஓட வேண்டும். ஒரே கட்டை முன்னால் மூன்று தடவை குதிரை நின்றால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள்.

ஒழுங்கு நடையில் துரைப்பாண்டிக்கு எப்போதும் நல்ல மார்க். கம்புகளைப் பவுனு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, மெல்ல ஏறி இறங்கிக் கடந்துவிடும். மார்க்கைக் குறைத்தாலும் வெளியே அனுப்ப மாட்டார்கள். காட்டோட்டத்து முதல் கட்டைதான் எமன். அது நெஞ்சு உயரம், ஏறி இறங்க முடியாது. முதல் வருடம் பவுனு அங்கே நின்றது. இரண்டாம் வருடமும் நின்றது. போன வருடம் துரைப்பாண்டி கட்டையைத் தாண்டிவிட்டார், குதிரை இல்லாமல். அந்த வீடியோ சிவகிரி வரைக்கும் எல்லார் செல்லிலும் இருக்கிறது.

"அண்ணாச்சி, இந்தத் தடவ ரெண்டு பேரும் சேந்து தாண்டுவியளா?" என்று பஸ்ஸில் கேட்காத ஆள் இல்லை.

கோமதித்தாய் கேலி பேசவில்லை. கெடு வைத்தாள்.

"இந்த வருசமும் ஓட்டத்த முடிக்கலன்னா, கடையநல்லூர் சுலைமான் பாய்ட்ட பவுன குடுத்துருவேன். அவரு கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை தேடுதாரு."

பவுனு முதுகில் வேறொருவன் மாலையும் கண்ணாடியுமாக உட்காருவதா? நினைக்கவே துரைப்பாண்டிக்கு அழுகை வந்தது.

முதலில் கால்நடை டாக்டர் ஹஸ்னா பானுவைக் கூட்டி வந்தார். அந்தம்மா கண், கால், பல், வயிறு எல்லாம் பார்த்தார்.

"இதுக்கு ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. நீங்க ஒரு தடவ ஏறி ஓட்டிக் காட்டுங்க, பாக்கேன்."

"அதுக்கெல்லாம் நேரமில்லம்மா, அஞ்சரை டிரிப்பு இருக்கு."

டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டு, கட்டையைப் பார்த்துக் குதிரை பயப்படுகிறது என்று தானே கண்டுபிடித்தார். கண்ணுக்குப் பட்டை கட்டினார். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாத பவுனு, கட்டை முன்னால் வழக்கம்போல் நின்றது. திரும்பும்போது மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்த களத்தில் நேராக நடந்தது. வற்றல்காரர் கம்போடு துரத்தினார். பவுனு மூன்று நாள் விடாமல் தும்மியது.

அடுத்து ஆசை காட்டிப் பார்த்தார். கட்டைக்கு அந்தப் பக்கம் நாட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு வைத்தார். பவுனு கட்டை முன்னால் நின்றது, சுற்றிக்கொண்டு போனது, பழத்தைத் தின்றது, சுற்றிக்கொண்டே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ரோட்டில் ஒரு விறகைக் கண்டால்கூட அதற்குப் பின்னால் பழம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தது.

குதிரை நின்ற நிற்பில் கடிவாள வாரும் பிய்ந்தது. பஸ் சீட்டு தைக்கிற நூலால் அதைத் தைத்தார். சங்கரன்கோவில் கோமதியம்மன் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் பிரசாதம் வாங்கி வந்து, தன் நெற்றியில் பாதி, பவுனு நெற்றியில் பாதி பூசினார்.

அன்று சாயங்காலம் கோமதித்தாய் விளக்குமாறோடு நின்றாள்.

"ஒங்க குதிரை கொல்லைச் சுவரத் தாண்டி வந்து, என் கீரைப் பாத்தி முழுசையும் தின்னுட்டு!"

"ஏட்டி, அது தாண்டுத குதிரையா? தாண்டிருந்தா நான் ஏன் இந்தப் பாடு படுதேன்? நீ கதவத் தொறந்து போட்டிருப்ப."

"நானா? என் கண்ணால பாத்தேங்க!"

"கண்ணு டாக்டர்ட்ட போவோம், கெளம்பு."

அன்று ராத்திரி அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

போட்டி நாளும் வந்தது. ஒழுங்கு நடையில் நல்ல மார்க். கம்புகளைப் பவுனு ஏறி இறங்கிக் கடந்து, இரண்டு தும்மலும் போட்டது. காட்டோட்டம் தொடங்கியது. பாதையோரம் கோமதித்தாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் ஜெயசிங், கழுத்தில் பஸ் விசிலோடு.

முதல் கட்டை. பவுனு நின்றது.

"ஒண்ணு" என்றார் நடுவர்.

திருப்பிக்கொண்டு போய் மறுபடி வந்தார். பவுனு நின்றது.

"ரெண்டு."

துரைப்பாண்டி வாரை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கோமதித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். அவள்தான் கெடு வைத்தவள், இப்போது "கோமதியம்மா, என் பவுன காப்பாத்து" என்று முணுமுணுத்தவளும் அவள்தான்.

மூன்றாவது முறை. கட்டை நெருங்கியது. படீரென்று ஒரு சத்தம். சீட்டு நூல் அறுந்து, வாரின் ஒரு துண்டு துரைப்பாண்டி கையோடு வந்துவிட்டது. அவர் "ஐயோ!" என்று கண்ணை மூடிக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கண்ணைத் திறந்தால் கட்டை பின்னால் கிடக்கிறது!

பவுனு குனிந்து பார்த்தது. பழம் இல்லை. இரண்டு பக்கமும் கயிறு கட்டிய பாதையில் அடுத்த கட்டைக்கு ஓடியது. தாண்டியது. அங்கேயும் பழம் இல்லை. அதற்குக் கோபம் வந்திருக்க வேண்டும், பள்ளத்தையும் தண்ணீரையும் ஒரே மூச்சில் தாண்டியது.

"ஏ ஜெயசிங்கு! விசில் அடி! நிப்பாட்டச் சொல்லி விசில் அடிவே!" என்று துரைப்பாண்டி அலறினார்.

ஜெயசிங் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு தடைகளையும் தாண்டி, எல்லைக்கோட்டையும் கடந்து, கோமதித்தாய் எதிரே போய்த்தான் பவுனு நின்றது. அவள் மடியில் ஒரு கட்டு கீரை இருந்தது. யாருக்காகக் கொண்டு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குதிரைக்கு ஊட்டிக்கொண்டே அழுதாள்.

கலந்துகொண்டவர்கள் பதினான்கு பேர். துரைப்பாண்டி பதினான்காவது. அதனால் என்ன, முடித்துவிட்டாரே! சுலைமான் பாய் வேறு குதிரை பார்த்துக்கொள்ளட்டும்.

"எல்லாம் புத்துமண்ணு மகிமை. வாழப்பழமும் நம்ம யோசனைதான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி ஓய்ந்தபின், வேப்பமர நிழலில் உட்கார்ந்து கோணி ஊசியில் நூல் கோத்தார். அறுந்த வாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கோபம் ஞாபகம் வந்தது.

"ஏம்வே, உயிர் போவ கத்துதேன், விசில் அடிக்காம நின்னீரே?"

ஜெயசிங் அவர் கையிலிருந்த ஊசியை மெல்லப் பிடுங்கிக்கொண்டார்.

"அந்த வாரத் தச்சிராதிய அண்ணாச்சி. பதினெட்டு வருசமா ஒங்க பின்னால நிக்கேன்லா, ரோட்டுக்குக் குறுக்க எது கெடந்தாலும் பிரேக்கு போடுதது நீங்க, பவுனு இல்ல."