எங்கள் சந்துக்கு நான் வைத்த சீல்

அரசாங்க நோட்டீஸை யாரும் மேலிருந்து கீழே படிப்பதில்லை. கீழிருந்துதான் படிக்கிறார்கள். தண்டனை கீழேதான் இருக்கும் என்று அனுபவப்பட்ட எல்லோருக்கும் தெரியும். வரலாற்றில் முதுகலை முடித்த எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்த அறியாமைக்கு நான் விலை கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, வேறொருவர் கொடுத்தார். அதனால் இதை எழுதும்போது இன்றும் காது மடல் சுடுகிறது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வெள்ளைக்காரர் காலத்து அரசாங்க அறிவிப்புகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, பழைய கெஜட்டுகளுக்குள் தலையை விட்டுக் கிடந்தேன். (அம்மா சொந்தக்காரர்களிடம் "பாப்பா கலெக்டருக்குப் படிக்குதுங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். திருத்த எனக்கும் மனம் வரவில்லை.)

அந்த அறிவிப்புகள் தனி ருசி. எங்கோ சண்டை மூண்டு, சீமைச் சாமான் கப்பலில் வராமல் நின்றுபோகும் வருடங்களில் மட்டும் அந்த அரசாங்கத்துக்கு நம்மூர்ப் பட்டறைக்காரர்கள் மேல் பாசம் பொங்கும். எந்திரம் செய்கிறவனுக்குக் கடன், ஆலை வைக்கிறவனுக்குக் குறைந்த குத்தகையில் நிலம் என்று ஊக்கம் அறிவிப்பார்கள். சண்டை முடிந்து கப்பல் வந்ததும் பாசம் வற்றிவிடும். பிறகு அந்த ஊக்கத்தைப் பற்றி மனுப் போடுகிறவனுக்குப் பதில்கூட வராது. அறிவிப்பின் அமைப்பும் எப்போதும் ஒரே மாதிரிதான். ஊக்கத்துக்கு ஒரு பத்தி, நிபந்தனைக்கு மூன்று பத்தி, மிரட்டலுக்குக் கொட்டை எழுத்து.

இதைப் படித்து எனக்கு ஏகாதிபத்தியத்தின் மேல் கோபம் வந்ததா? வந்தது. ஆனால் அதைவிட வேகமாக அந்த நடையின் மேல் ஆசை வந்துவிட்டது. காய்கறி வாங்கச் சீட்டு எழுதினால்கூட "மேற்படி கத்தரிக்காயானது" என்றுதான் எழுதினேன்.

இந்த நிலையில் அப்பா என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். (கொடுத்தது அவர் தப்பு என்று அம்மா இன்றும் சொல்வாள்.)

அப்பாவுக்குக் கணபதி ஏரியாவில் ஒரு சந்தில் லேத் பட்டறை. பம்புக்கான பாகங்களைக் கடைந்து கொடுப்பார். சந்து முழுக்க இதே மாதிரி சின்னப் பட்டறைகள்தான். ஆயுத பூஜை வந்தால் எல்லா எந்திரங்களும் குளித்து, சந்தனம் வைத்துக்கொண்டு, மனிதர்களைவிட லட்சணமாக இருக்கும். அந்த வருடம் எங்கள் பட்டறைக்கு வெள்ளி விழா.

"பூஜைக்குச் சந்துக்காரங்களைக் கூப்பிடற வேலைய இந்தத் தடவை நீயே பாத்துக்க கண்ணு. படிச்ச புள்ள, நாலு வரி நல்லா எழுதிப்போடு" என்றார் அப்பா.

நாலு வரியா? கெஜட் பக்கம் ஒன்றையே எழுதினேன். காகிதத்தை டீ டிகாக்ஷனில் நனைத்துக் காயவைத்துப் பழுப்பாக்கினேன். டவுன்ஹால் பக்கம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கிரீடம் போட்ட முத்திரை செய்து வாங்கி, காகிதத்தின் தலையில் குத்தினேன். அதுவும் போதாமல் சிவப்பு அரக்கு வாங்கி உருக்கினேன்.

வாசகம் இப்படிப் போயிற்று: "சகல பட்டறைக்காரர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், ஆயுத பூஜை தினத்தன்று இச்சந்தின் கோடியிலுள்ள லேத் பட்டறையில் ஆஜராகும் தொழிலதிபர்களுக்கு, தொழில் ஊக்கத்தின் நிமித்தம், தலைக்கு ஒரு பொட்டலம் பொரிகடலையும் போதுமான அளவு சுண்டலும் சர்க்காரால் வழங்கப்படும்." பொடி எழுத்தில் இது. அடியில், வரலாற்றுக்கு விசுவாசமாக, கொட்டை எழுத்தில்: "ஆஜராகத் தவறுவோரின் பட்டறை முத்திரையிடப்பட்டு, எந்திரங்கள் ஜப்தி செய்யப்படும்."

எழுதிவிட்டு நானே சிரித்தேன். சிரித்தது நான் மட்டும்தான் என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சந்தில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, மைதாப் பசை வாளியோடு போனேன். அப்பாவுக்கும் தெரியக்கூடாது, அவருக்கும் ஆச்சரியமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷட்டரிலும் ஒட்டினேன். கண்ணில் படாமல் போய்விடுமோ என்று, பூட்டையும் சேர்த்து மூடும்படி ஒட்டி, மேலே அரக்கைச் சொட்டி முத்திரை பதித்தேன். அந்தச் சந்துக்கு மேம்பாலம் வரப்போகிறது, இடத்தை எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு வருடமாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்ததும், டேப் வைத்து யாரோ அளந்து போனதும் எனக்குத் தெரியாது. நான் வேறு நூற்றாண்டில் குடியிருந்தேன்.

எங்கள் பட்டறைக்கு மறுகோடியில், கடைசி ஷட்டர் தங்கமணி அக்காவுடையது. பெரிய கிரைண்டர் கம்பெனி ஒன்றில் வருடக்கணக்காக அசெம்பிளி வேலை பார்த்துவிட்டு, தைரியமாக வெளியே வந்து சின்ன ஷெட்டை வாடகைக்குப் பிடித்தவர். அதுவரை ரிப்பேர் வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சொந்தமாக மாவு கிரைண்டர் செய்து வைத்திருந்தார். சனிக்கிழமை என்னை நிறுத்தி, "திங்கக்கெழமை காத்தால பாலக்காட்டுக் கடைக்காரரு வாராரு அம்மணி. புடிச்சுப்போச்சுன்னா மாசாமாசம் சரக்கு எடுப்பாராமா. நீயும் வந்து ரெண்டு வார்த்தை நல்லாப் பேசு, எனக்கு வாய் வராது" என்று சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் வந்தால் ரிப்பேர் கடை கம்பெனியாகிவிடும்.

எனக்கு அது ஞாபகம் இருந்தது. அதுதான் கேவலம். மறந்திருந்தால் மன்னிக்கலாம். 'பாலக்காட்டுக்காரரும் பார்க்கட்டுமே, நம் சந்தின் ரசனையை' என்று நினைத்து, இருப்பதிலேயே அழகான பிரதியை அக்காவின் ஷட்டரில் ஒட்டினேன். அரக்கும் இரண்டு சொட்டு அதிகம்.

திங்கட்கிழமை காலை, பாலக்காட்டுக்காரர் வர இன்னும் நேரமிருக்கிறது, அதற்குள் பாராட்டை வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று காபியோடு உட்கார்ந்திருந்தேன். பட்டறைக்குப் போன அப்பா வேர்த்து வடியத் திரும்பி வந்தார்.

"கண்ணு, அந்தப் பட்டா ஜெராக்ஸ் எங்க வெச்ச? சந்து பூராத்துக்கும் சீல் வெச்சுப்போட்டாங்க."

"யாருங்கப்பா?"

"வேற யாரு? கவர்மெண்டுதான். அரக்கு ஊத்தி வெச்சிருக்கறாங்க. சும்மா எடமில்ல, பெரிய எடம்."

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"அப்பா, அதுல மேல இருக்கற பத்தியப் படிச்சீங்களா?"

"ஜப்தின்னு இத்தாச்சோட்டுப் பெரிய எழுத்துல போட்டிருக்குது. அதுக்கு மேல என்னத்தப் படிக்கறது?"

அப்பாவின் மொபெட்டில் இருவரும் சந்துக்குப் பறந்தோம். அங்கே கண்ட காட்சி சாகும்வரை மறக்காது. ஒவ்வொரு முதலாளியும் கையில் சாவியோடு, தன் ஷட்டருக்கு முன்னால், அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார். ஒருவரும் பூட்டைத் தொடவில்லை.

நிக்கல் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கும் ஜாபர் பாய்தான் கூட்டத்துக்குத் தலைமை. "வக்கீலுக்குப் போன் போட்டுட்டேன். சீலைத் தொட்டா உள்ள தூக்கி வெச்சிருவாங்களாம். யாரும் கை வெச்சிராதீங்க."

"கிரீடம் போட்டிருக்குதுங்களே பாய், இது எந்த டிபார்ட்மெண்ட்டுங்க?" என்றார் ஒருவர்.

"புதுசா வந்திருக்கும். வாரத்துக்கு ஒண்ணு வருதுல்ல."

நான் நடுவில் போய் நின்றேன். "அது நான் ஒட்டினதுங்க" என்றேன்.

யாரும் நம்பவில்லை.

"நீயா? ஏம்மா, கவர்மெண்ட் செஞ்சதை நீ எதுக்கு உன் தலையில போட்டுக்கற?" என்றார் பாய் பரிவோடு.

"படிச்ச புள்ளைங்க, நம்மளையெல்லாம் காப்பாத்தப் பாக்குது" என்றார் அப்பா. அவர் குரலில் பெருமை வேறு. (அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.)

வேறு வழியில்லாமல் எங்கள் ஷட்டரிலிருந்த காகிதத்தைக் கிழிக்கக் கையை வைத்தேன். "கைய எடு அம்மணி, கேஸாயிரும்!" என்று நாலு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள். பிடிபட்ட நிலையிலேயே, தெருக்கூத்துக் கட்டியங்காரன் போல, பொடி எழுத்துப் பத்தியை உரக்க வாசித்தேன். "யாதெனில்" வரை பயபக்தியோடு கேட்டார்கள். "பொரிகடலையும்" என்றபோது பாயின் புருவம் ஏறியது. "சுண்டலும்" என்றபோது என்னைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விட்டன.

"சுண்டலா?" என்றார் பாய்.

"கொண்டக்கடலைச் சுண்டலுங்க" என்றேன். (இந்த விவரத்தை அப்போது யார் கேட்டார்கள்?)

அப்பா மெதுவாக நெருங்கி வந்து அரக்கு முத்திரையை உற்றுப் பார்த்தார். சூட்டு அரக்கில் ரப்பர் முத்திரை இளகிவிடும் என்று, அரக்கை மட்டும் பட்டறையிலிருந்து எடுத்த போல்ட் ஒன்றின் தலையால் அழுத்தியிருந்தேன். ஆறு பக்கமும் அச்சாக விழுந்திருந்தது. வாழ்நாள் முழுக்க போல்ட் பார்த்த பத்துப் பேர், காலையிலிருந்து அதற்குக் கும்பிடு போடாத குறையாக நின்றிருக்கிறார்கள்.

"இது நம்ம அரை இஞ்சு போல்ட்டுங்க" என்றார் அப்பா, அழுவதுபோல.

சிரிப்பு வெடித்தது. பாய் ஷட்டரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். "கலெக்டரம்மா, தலைக்கு எத்தனை பொட்டலம்னு கரெக்டா சொல்லுங்க, ஆஜராகறோம்" என்றார். எனக்கும் உயிர் வந்து சிரிக்கப் போனபோதுதான், சந்தின் கடைசியில் சிரிக்காமல் நின்ற ஒருவரைப் பார்த்தேன்.

தங்கமணி அக்கா நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். கையில் சாவி.

"அவரு போயிட்டாருங்க அம்மணி" என்றார். "வெயில்ல ரொம்ப நேரம் நின்னாரு. தொறந்து காட்டுங்கன்னாரு. சீல் வெச்சதை எப்படித் தொறக்கறது? நானே அவருக்கு ஆட்டோ புடிச்சு உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு ஏத்தி உட்டேன்."

அக்காவை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். காந்திபுரத்தில் ஒவ்வொரு சிக்னலும் என்னைத் தெரிந்துகொண்டு சிவந்தது. உக்கடத்தில் பாலக்காட்டு பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலைக் காட்ட, நான் ஷட்டரிலிருந்து கிழித்து வந்த நோட்டீஸோடு உள்ளே ஏறினேன்.

அவர் சட்டைப்பையில் கண்ணாடி வைத்த, நிதானமான மனிதர். "சார், அது சீல் இல்லீங்க. பிரிட்டிஷ் காலத்து நோட்டீஸுங்க" என்றேன் மூச்சு வாங்க.

அவர் திடுக்கிட்டார். "பிரிட்டிஷ் காலத்துலேந்தே கேஸ் நடக்குதா?"

பஸ் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. இறங்கியிருக்க வேண்டும். நான் விளக்க ஆரம்பித்தேன். சீமைக் கப்பல், சண்டைக் காலம், பட்டறைகளுக்குத் தருவதாகச் சொல்லித் தராமல் போன ஊக்கம் எல்லாவற்றையும். கண்டக்டர் வந்து எனக்கு டிக்கெட் கிழித்தார். குனியமுத்தூர் வந்தபோது நான் நிபந்தனைப் பத்தியில் இருந்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மோளே, நீ சொல்றது சத்தியமாத்தான் இருக்கும். ஆனா நான் கடைக்காரன். கிரைண்டர் ரிப்பேரானா கஸ்டமர் என்னைத்தான் பிடிப்பாங்க. நான் உங்க சந்துக்கு வரணும். வரும்போது ஷட்டர் திறந்திருக்கும்னு ஒரு நம்பிக்கை வேணாமா? இன்னிக்கு விளையாட்டுன்னு சொல்றே. அங்க நின்ன பத்துப் பேரும் அதை நிஜம்னுதானே நம்பினாங்க? அப்ப அந்த இடத்துல என்னமோ பயம் இருக்கு."

நோட்டீஸை மடித்துக்கொண்டு எழுந்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன். டவுன் பஸ்ஸில் உக்கடம் திரும்பியபோது, அக்கா மொபெட்டைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"போச்சாது உடு அம்மணி. வெயில்ல நிக்காத, வா" என்றார்.

திட்டியிருக்கலாம். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

பூஜைக்குச் சந்து முழுவதும் வந்தது. "ஆஜர்!" என்று ஒவ்வொருவரும் கத்திக்கொண்டே நுழைந்தார்கள். அரக்குத் துண்டு ஒன்றை ஜாபர் பாய் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். அக்காவுக்குப் பிறகு வேறு ஆர்டர்கள் வந்தன, சின்னச் சின்னதாக, இடைவெளி விட்டு விட்டு. ரிப்பேர் வேலையை இன்னும் அவர் விடவில்லை.

இந்தக் கதையை எங்கள் வீட்டிலும் சந்திலும் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தங்கமணி அக்கா சொன்னால்தான் களை கட்டும். புதிதாக யாராவது வந்தால் அவரைத்தான் சொல்லச் சொல்வார்கள். வாய் வராது என்றவர், பாயின் குரலில் பேசுவார், அப்பாவின் குரலில் பேசுவார், நான் சுண்டல் வாசித்ததை நடித்துக் காட்டுவார். "பிரிட்டிஷ் காலத்துலேந்தே கேஸ் நடக்குதா?" என்ற இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். சரியாக அந்த இடத்தில் அக்கா, "இருங்க, டீ கொண்டாரேன்" என்று எழுந்து உள்ளே போய்விடுவார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சிரிப்புச் சத்தம் அடங்குவதற்குள், டம்ளர் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் நானும் எழுந்து அவர் பின்னால் போய்விடுகிறேன்.