வாய்க்கால் வெட்டிய டாக்கோ கறி

உலக வரலாற்றிலேயே ஒரே ஒரு தடவை, மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், மதியம் மூன்று மணிக்கு எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. காலி நாற்காலிகளுக்கே சுற்றிப் பழகிய மின்விசிறிகள் மிரண்டு போயின. அற்புதத்தை நிகழ்த்தியவர் ஓய்வுபெற்ற தங்கராசு. ஆயுதம், இரண்டு கிலோ கொத்துக்கறி.

"வயசான காலத்துல பொய் ஆவாது மாமா," என்றான், தங்கராசு சொன்ன இந்தக் கதையைக் கேட்ட, புவனகிரியிலிருந்து வந்திருந்த மச்சான் பாண்டியன். அந்த அலுவலகத்துக்கு நடந்து செருப்பைத் தேய்த்தவன். அங்கே மனித முகம் என்று அவன் பார்த்ததெல்லாம் சுவரில்தான். அதுவும் மாலை போட்டது.

விஷயம் இதுதான். தங்கராசு வீட்டு வாசல் வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. போன மழைக்கு அடுப்படியில் வெள்ளம் புகுந்து கிரைண்டர் தோணிபோல மிதந்தது.

"இந்த மழைக்கும் தண்ணி வந்துச்சின்னா நா சிதம்பரத்துல நம்ம பொண்ணு ப்ரீத்தி வூட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் ஒங்க ஃபைலும் குடும்பம் நடத்துங்க!" என்று மனைவி தனம் கெடு வைத்துவிட்டாள்.

வாய்க்காலுக்காக அவர் கொடுத்த மனுவின் ஃபைலோ 'தீவிரப் பரிசீலனையில்' இருந்தது. பரிசீலிக்க வேண்டியவர்கள் அதைவிடத் தீவிரமாக, போனில் சொன்ன டாக்கோ பார்சலுக்காக அலுவலக வாசலில் நின்றார்கள். மடக்கிய சோள ஓட்டுக்குள் கொத்துக்கறி வைத்த மெக்சிகோ பலகாரம் அது. வடை தின்பதை அலுவலகம் 'பின்தங்கிய நிலை' என்று கைவிட்டிருந்தது.

தங்கராசு வீட்டிலேயே டாக்கோவில் இறங்கினார். பச்சைக் கொத்துக்கறியில் மிளகாய்த்தூள், சீரகத்தூள், பூண்டுப்பொடி, ஒரு கரண்டி மாவு போட்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்து, அப்புறம்தான் அடுப்பில் ஏற்றிக் கட்டி தட்டாமல் கிளறினார்.

"பட்ட இல்ல, லவங்கம் இல்ல, தேங்கா இல்ல. அந்த ஆடு எதுக்குதான் செத்துதோ!" என்றாள் தனம்.

"இது கடை ருசிடி. எந்த ஊர்ல தின்னாலும் ஒரே மாதிரி இருக்கணும்."

"ஆபீசுல சொல்ற பதில் மாதிரின்னு சொல்லுங்க."

ஓட்டுக்குப் பதில் பெரிய அப்பளம். பொரித்த சூட்டோடு மடக்கிக்கொண்டார்.

வாசனை முன்னே போக, தூக்குவாளி பின்னே போனது. அலுவலக வாசலில் நின்ற கூட்டம் மொய்த்தது.

"பார்சல் கெடையாது. பந்திதான். அவுங்கவுங்க மேசையில இலை போடுவேன். ஒக்காந்தவங்களுக்குத்தான் கறி."

ஓடினார்கள். தன் நாற்காலி எது என்று ஒருவர் காவலாளியைக் கேட்டார்.

இலை போடத்தான் இடமில்லை. எல்லா மேசையிலும் ஃபைல் கோபுரம்.

"கீழ வச்சிடவா சார்?" என்றார் முதல் மேசை ராமாமிர்தம்.

"காயிதம் சரஸ்வதி! தரையில வக்கலாமா?" தங்கராசு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க," என்று அடுத்த மேசை ஜான்சி மேடம் குனிந்தார்.

"பைபிளத் தரையில வைப்பீங்களாம்மா?"

மேடம் நிமிர்ந்துவிட்டார். வேறு வழி? கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளினார்கள். அந்த மேசை, அதற்கடுத்த மேசைக்கு. ஃபைல் முன்னே, கறி பின்னே. கடைசி மேசை பெரிய அதிகாரி செம்பியனுடையது. அதற்கப்பால் தள்ளச் சுவர்தான் இருந்தது. பாவம், மனுஷன் உத்தரவே போட்டுவிட்டார், தங்கராசு வாய்க்கால் உட்பட எல்லாவற்றுக்கும். தன் மேசைக்குப் பச்சை நிறம் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐப்பசி பிறந்தது. கடலூரில் வானத்தைப் பிய்த்துக்கொண்டு கொட்டிய மழையில், மாமாவைக் கேலி பேசலாம் என்று குடையோடு வந்தான் பாண்டியன். புது வாய்க்காலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அடுப்படித் தரை காய்ந்து கிடந்தது. தனம் கிரைண்டரில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

பாண்டியன் குடையை மடக்கினான். "ஒத்துக்கறேன் மாமா. நடந்தது நெசந்தான்."

தங்கராசு மீசையைத் தடவினார். "எப்பேர்ப்பட்ட ஆபீசு பாத்தியா மச்சான்! ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டாங்க!"

"அதான் மாமா வயிறு எரியுது. ஒரே மத்தியானத்துல முடியிற வேலதான்னு இப்பல்ல தெரியுது!"