ரைட்டண்ணன் வாயை மூடிய நாள்

ஒரே ஒரு இங்கிலீசு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த உலகத்தில் எல்லா வேலையையும் பார்த்துவிடலாம். இதை நம்பாதவர்கள் எங்கள் ரைட்டண்ணனைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இலங்கையில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் லொறி டிரைவர், அவர் கிளீனர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் லொறிக்குப் பக்கக் கண்ணாடி கிடையாது. பலாமரக் கிளை ஒன்று எப்போதோ அதைப் பிடுங்கிக்கொண்டது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கினால் வண்டியைத் திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், பின்னுக்கு எடுத்தபடியேதான் மேலே வர வேண்டும். பின்னால் நின்று ரைட்டண்ணன் கொடுக்கும் குரல்தான் எனக்குக் கண்.

'ரைட்' என்று வெட்டிச் சொன்னால் போகலாம். 'ரைட்ட்டு' என்று இழுத்தால் மெதுவாக. 'ரைரைரை' என்றால் பயப்படாமல் வா. பலகையில் ஓர் அறை விட்டு 'ரைட்!' என்றால், இனி அசைந்தால் இரண்டு பேருக்கும் ஒரே குழி.

வண்டியோடு விட்டாரா? சோறு போதும் என்பதற்கும் ரைட், இன்னும் போடு என்பதற்கும் ரைட். "தாலியக் கட்டி முடிச்சதும் பூசாரியப் பாத்து 'ரைட்'னாரு தம்பி. அந்தாளு தட்டத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. பாதிப் பூச பாக்கி!" என்று அண்ணி இன்னமும் புலம்புவார்.

கணக்கப்பிள்ளை ஒருநாள் அரைமணி நேரம் நின்று அவரைத் திட்டினார். கடைசிவரை கேட்டுவிட்டு, இவர் கொட்டாவி விடுவதுபோல் ஒரு ரைட் சொன்னார் பாருங்கள். கணக்கப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஒங்கப்பனாண, வேணும்னா என்னய நாலு அடி அடிச்சிரு. அப்பிடி மட்டும் சொல்லாத!"

சாவு வீட்டிலும் அதே வார்த்தைதான். பாடையைத் தூக்கும்போது தலைமாட்டில் நின்று, பிள்ளையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல் மெல்லச் சொல்வார். முதலில் இளவட்டங்கள் சிரித்தார்கள். பிறகு அந்தச் சொல் வராமல் யாரும் தோள் கொடுப்பதில்லை என்றாகிவிட்டது.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு தோட்டத்தை நடத்த ஒரு புதிய சிங்களத் துரை வந்தார். அந்த நேரத்தில் கொழுந்தெடுக்கும் முத்தாயியின் புருசன் செத்துப்போனான். அவர்கள் இருந்த லயத்து அறை, எங்கள் பேச்சில் காம்பரா, அவன் பெயரில் இருந்ததாம், இனி அது தன்னுடைய புதிய வாட்சருக்குத்தான் என்றார் துரை. முத்தாயி எங்கே போவாள்? "டவுனில் இறக்கிவிடு" என்று உத்தரவு. டவுனில் அவளுக்கு யாருமில்லை.

வாட்சர் சாமான்களை எங்கள் லொறியில் ஏற்றினான். தகரப்பெட்டி, அம்மிக்கல், கோழிக்கூடை. எல்லாவற்றுக்கும் மேலே முத்தாயி, மடியில் ஆட்டுக்குட்டி. லயமே வாசலில் நின்றது. நான் எஞ்சினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

குரல் வரவில்லை.

தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். ரைட்டண்ணன் பாதை நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வாய் இறுக மூடியிருக்கிறது.

"ஏன் நிக்கிது?" என்றார் துரை.

"ரைட் சொல்லலீங்க தொர" என்றேன்.

துரை அவரிடம் போனார். "ரைட் கியாபங்!" சொல்லுடா என்று சிங்களத்தில் போட்ட சத்தம் எதிர் மலையில் முட்டித் திரும்பியது. ரைட்டண்ணன் ஆகாயத்தைப் பார்த்தார். மழை வருமா என்ற யோசனையாக இருக்கலாம்.

வாட்சர் முன்னால் வந்து ஒரு ரைட் சொன்னான். "எனக்கு அவரு கொரல்தாங்க பழக்கம். பள்ளத்துல எறங்குனா வண்டி கவர்மெண்டு வண்டிங்க" என்றேன். துரை கணக்கப்பிள்ளையைச் சொல்லச் சொன்னார். அவர் லயத்துப் பெண்களை ஒரு தடவை பார்த்தார். உடனே அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சைகையால்தான் பேசினார்.

கடைசியில் துரையே பின்னால் போய் நின்றுகொண்டு "ரைட்! ரைட்!" என்று கத்தினார். நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"சூடாயிருச்சுங்க தொர."

"ஏம் தொர, நீங்க கிளீனர் வேலைக்கி வந்துட்டீங்களா?" என்று மேலேயிருந்து முத்தாயி கேட்டாள். அவ்வளவுதான், லயம் முழுக்கச் சிரிப்பு. அதோடு மழையும் கொட்டியது. துரை குடைக்குள் புகுந்து பங்களாவுக்கு நடந்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு சாமானை எடுத்துக்கொண்டு காம்பராவுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அம்மிக்கல்லை ரைட்டண்ணன் தூக்கினார்.

மறுநாள் வேறு லொறி வரும் என்று துரை சொல்லியனுப்பினார். மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஒரு ஆள்கூடப் போகவில்லை. கொழுந்து மலையிலேயே முற்றியது. தொழிற்சங்கத் தலைவர் வந்து பேசி, காம்பரா முத்தாயிக்கே என்று முடிவானது. அவள் பேரப்பிள்ளைகள் இன்று அங்கேதான் இருக்கிறார்கள்.

ரைட்டண்ணனுக்குத்தான் கிளீனர் வேலை போயிற்று. உச்சி மலையில் புல் வெட்ட அனுப்பினார்கள். லொறி ஓட்ட வேறு ஆள் இல்லாததால் என்னை விட்டுவைத்தார்கள். தோட்டத்து வண்டியில் அவரை ஏற்றவே கூடாது என்று எனக்கு உத்தரவு.

நான் தினமும் காலையில் மலையடியில் லொறியை நிறுத்துவேன். அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து மண்வெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொள்வார். உச்சிவரை வண்டியை மெதுவாகவே ஓட்டுவேன்.