வெளியே போனால்தான் வெளியே

"வெளியே போனீங்களா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"எங்க விடறீங்க?" என்றார் தையல்காரர்.

"அது இல்லீங்க. காலையில வெளியே போனீங்களான்னு கேட்டேன்."

அவள் காலி டப்பாவைத் தூக்கிக் காட்டியதும் அவருக்குப் புரிந்தது. கொரோனா வார்டில் அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். அவள் கேட்டது நடந்தால்தான் அவர் நினைத்தது நடக்கும்.

அவருக்குக் காய்ச்சல் விட்டு நாளாகிவிட்டது. தொண்டையில் கிருமி இல்லை. சிறுநீரிலும் இல்லை. மலத்தில் மட்டும் விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தது. அதுவும் போனால்தான் ஆளை அனுப்புவேன் என்பது டாக்டரின் கட்டளை. தையல்காரர் அதை எதிர்த்துப் பேசவில்லை. அவர் வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. மனைவிக்கு இருப்பது ஒரே நுரையீரல்; இன்னொன்றை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். அவள் தனியாகத்தான் இருந்தாள். போனில் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள்.

"எப்ப வருவீங்க?"

"வந்தா வரேன்."

கவலையில் அவருக்கு வயிறு பூட்டிக்கொண்டது. யாரோ சொன்னார்கள் என்று வாழைப்பழமாகத் தின்று தீர்த்தார். பூட்டு இன்னும் இறுகியது. பேதி மருந்து கொடுத்தார்கள். இரண்டு ஸ்பூன் என்றதைக் காதில் வாங்காமல் பாதி பாட்டிலைக் குடித்தார். மறுநாள் லேபிலிருந்து டப்பா திரும்பி வந்தது.

"மோஷன் டப்பாவுல யூரினை ஊத்திட்டீங்களான்னு கேக்கறாங்க" என்றாள் நர்ஸ்.

"இல்லம்மா. அது அதுதான்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு தபால்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய போன் ஒருநாளும் அடித்ததில்லை. "வேலையில இருந்த காலத்துல ஒரு கடிதத்தைக்கூட வீடு மாத்திக் குடுத்ததில்ல" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பெருமை.

"உங்க வீட்டுல யார் இருக்காங்க?" என்று தையல்காரர் ஒருமுறை கேட்டார்.

"பூட்டு இருக்கு" என்றார் தபால்காரர்.

அவருக்குக் கடைசியாக எடுத்த மலப் பரிசோதனையில் கிருமி இல்லை. வயதானவர் என்பதால் அவருக்கு மட்டும் இரண்டு முறை பார்ப்பார்கள்; இன்னும் ஒருமுறை அப்படியே வந்தால் வீட்டுக்குப் போகலாம். அந்த எண்ணம்தான் தையல்காரரைக் கெடுத்தது.

கடைசியில் ஒரு காலையில் அவருக்கும் வந்தது. டப்பாவை மூடி, கழிப்பறை வாசலிலிருந்த அலமாரியில் வைத்தார். பிறகு கை கழுவப் போனவர், அங்கேயே நின்று வெகுநேரம் யோசித்தார். திரும்பி வந்தபோது தபால்காரரின் டப்பாவும் அங்கே இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்கள். கட்டில் எண் போட்ட ஸ்டிக்கர்தான் வித்தியாசம். தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். துணியில் நூல் பிரிப்பதுபோல நகத்தால் இரண்டு ஸ்டிக்கரையும் உரித்தார், மாற்றி ஒட்டினார். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்திதான் அங்கே இருந்தாள். அவளும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் வந்தார்.

"உங்களுக்கு இல்ல. கிளம்பலாம்" என்றார் தையல்காரரிடம். தபால்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மறுபடி இருக்கு, பெரியவரே. இன்னும் கொஞ்ச நாள் இருங்க."

"பரவாயில்லீங்க" என்று சொல்லி, தபால்காரர் போர்வையைச் சமமாக மடித்து வைத்தார்.

அந்தப் பரவாயில்லை தையல்காரரின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. பெரிய மனுஷனுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று நொந்துபோனார். பையைக் கட்டும்போது மனைவி கூப்பிட்டாள்.

"பாத்ரூமை நல்லா கழுவி வச்சிருக்கேன். குனிஞ்சா மூச்சு முட்டுது, உக்காந்து உக்காந்து கழுவினேன். வந்துருங்க."

அவர் பையைக் கீழே வைத்தார். தன் கிருமியை அந்தக் கழிப்பறைக்குக் கொண்டுபோக அவரால் முடியவில்லை. நேரே டாக்டரிடம் போய், ஸ்டிக்கர் மாற்றியதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

டாக்டருக்குக் கோபத்தில் கண்ணாடியே பனித்துவிட்டது. "ரிசல்ட் ரெண்டும் செல்லாது. ரெண்டு பேரும் மறுபடி குடுங்க. அதுவரைக்கும் யாரும் நகரக் கூடாது."

தையல்காரர் கட்டிலுக்குத் திரும்பினார். வயிறு அப்போதே பூட்டிக்கொண்டுவிட்டது. இனி எப்போது வருமோ என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது? ஏனோ தபால்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

தரை துடைக்கும் அம்மாள் புது டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"எதுக்குய்யா போய் ஒத்துக்கிட்டீங்க? வீட்டுக்குப் போகப் பிடிக்காம பெரியவர் முதல்லயே ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டாரு. நீங்க திரும்ப மாத்தினதாலதான் அவங்கவங்களுது அவங்கவங்களுக்குச் சரியா வந்துச்சு."