இரண்டாவது கால் எங்கே விழுந்தது?

ஆல்டர் க்ரீக், விஸ்கான்சின்
நவம்பர் 18

பேரன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை லீலண்ட் அவர்களுக்கு,

மைத்துனன் வெர்னர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஆர்டிஸும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அதற்கு ஒரு வகையில் தாங்கள்தான் காரணம், பின்னால் சொல்கிறேன். அங்கே தாங்களும் என் தங்கை மார்லிஸும் நாயும் நலமாயிருக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை மார்லிஸ் எடுப்பாள், "என்னண்ணா" என்று அவள் கேட்டுவிட்டால் பனி எவ்வளவு பெய்தது என்று பேசிவிட்டு வைத்துவிடுவேன். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். இந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குத் தாங்கள் வர வேண்டாம்.

எழுதிவிட்டேன். இருபத்தாறு வருடமாக எங்கள் வீட்டு வான்கோழியை அறுத்துப் பரிமாறியவர் தாங்கள். நான் அறுத்தால் விறகு பிளந்த மாதிரி இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் விருந்துக்கு வருகிற பத்தொன்பது பேரில் பதினேழு பேர், லீலண்ட் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மீதி இரண்டு பேர் தாங்களும் மார்லிஸும்தான்.

ஏன் என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள். அந்த வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மூன்று புள்ளி முன்னால் இருந்தார்கள். ஆட்டம் முடிய ஒன்பதே வினாடி. போர்ட் லாம்பர்ட் பள்ளியின் அந்த நெட்டைப் பையன் மைதானத்தின் கடைக்கோடி மூலையில் எகிறிப் பந்தைப் பிடித்தான். ஒரு கால் கோட்டுக்கு உள்ளே விழுந்தது, அதில் எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் இரண்டு காலும் உள்ளே விழுந்தால்தானே பிடித்தது கணக்கு? இன்னொரு கால் எங்கே விழுந்தது என்பது கடவுளுக்கும், இரண்டடி தள்ளி நடுவராக நின்ற தங்களுக்கும்தான் வெளிச்சம். தாங்கள் இரண்டு கையையும் தூக்கினீர்கள். டச் டவுன், அவர்களுக்கு ஆறு புள்ளி. எங்கள் ஆட்டம் போச்சு, வருடம் போச்சு. தாங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டீர்கள். தீர்ப்பைப் பற்றி நடுவர்கள் வெளியே வாய் திறக்கக் கூடாது என்பது உங்கள் தொழில் கட்டுப்பாடு, தெரியும். ஆனால் நான் என்ன வெளியாளா?

அன்றிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. எல்ராய் கண்டர்சனின் இரும்புக் கடைதான் நீதிமன்றம். அவன் மனைவி போன பிறகு மனிதன் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஊர் இப்போது இரண்டு கட்சி. பையனின் இரண்டாவது காலின் குதிகால் கோட்டுக்கு வெளியே விழுந்தது என்பது குதிகால் கட்சி, அதற்கு நான் தலைவன். இல்லை, விரல் நுனி வெள்ளைக் கோட்டின் மேலேயே பட்டது, கோடும் வெளியேதான் என்பது விரல் கட்சி, அதற்கு எல்ராய். இரண்டும் ஒரே முடிவுக்குத்தானே வருகிறது, பிறகு எதற்குச் சண்டை என்று ஆர்டிஸ் கேட்டாள். முடிவு ஒன்று என்பதற்காகச் சண்டை போடாமல் இருக்க முடியுமா?

இதில் ஒரு கஷ்டம் என்னவென்றால், வாயால் சொன்னால் யாருக்கும் திருப்தியில்லை, செய்து காட்ட வேண்டியிருக்கிறது. கையில் கிடைத்ததுதான் பந்து. எல்ராய் ஒரு நீலப் பெயின்ட் டப்பாவோடு எகிறினான், மூடி சரியாக இல்லை. ஆணிப் பெட்டிகள், கல்லாப் பெட்டி, எல்ராய், எல்லாம் நீலம். அப்படியும் தரையில் பதிந்த தன் கால் தடத்தைக் காட்டி "பாத்தியா, விரல்தான் மொதல்ல" என்றான். ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது போதகர் லோரெய்ன் அம்மாள் கேக்குத் தட்டோடு மேடைப் படியிலிருந்து குதித்தார். இரண்டு காலும் கச்சிதமாக உள்ளே விழுந்தன, கேக்கில் ஒரு துணுக்கு சிதறவில்லை. சபையே கைதட்டியது. அப்புறம்தான் தான் காட்ட வந்தது அதுவல்ல என்று அவருக்கு ஞாபகம் வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை தபாலாபீஸ் வரிசையில் யாரோ ஒருவரின் பார்சலைப் பிடித்துக்கொண்டு குதிகால் கட்சியின் வாதத்தை விளக்கினேன். முழங்கால் போனது அங்கேதான். பார்சலுக்குள் இருந்தது என்ன என்று இன்னும் தெரியவில்லை, குலுக்கினால் மணல் மாதிரி சத்தம் கேட்கிறது.

பாவம், எங்கள் கோச் ஹ்ருஸ்கா, அந்தப் பதினேழு பேரில் அவரும் ஒருவர். தினம் ஒரு வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு போகிறது. கேட்டால் "தீர்ப்பைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க" என்று தலையைக் குனிந்துகொள்வார். எவ்வளவு பெரிய மனிதர் பாருங்கள் என்று கண் கலங்காதவர் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்வலமே நடந்தது. உண்மையில் ஜெயித்தது நாம்தான் என்று எல்ராய் கடையில் ஏகமனதாகத் தீர்மானம் ஆனதால், பிள்ளைகளைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, பேண்டு வாத்தியத்தோடு பெரிய தெருவில் இரண்டு தடவை வலம் வந்தோம். பிள்ளைகள்தான் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். மாநில விளையாட்டுச் சங்கத்துக்கு ஒரு மனுவும் தயாராகிறது. தொள்ளாயிரம் பேர் இருக்கிற ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து விழுந்திருக்கிறது. தபாலாபீஸில் முப்பது வருடம் இருந்த எனக்குக் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் எழுதுகிற வேலை என் தலையில்.

மாப்பிள்ளை, மனசு விட்டுச் சொல்கிறேன். எனக்கு உங்கள் மேல் கோபம்தான். தீர்ப்பு தப்பானதற்காக இல்லை. "கண்ணு தப்பிடுச்சு மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பதினேழு பேரையும் நான் சமாளித்திருப்பேன். சாப்பாட்டு மேஜையிலிருந்து உங்கள் நாற்காலியை எடுத்து ஓரமாக வைக்கிறேன், மறுபடி கொண்டுவந்து போடுகிறேன். மார்லிஸ் சுடுகிற உருளைக்கிழங்கு லெஃப்ஸே ரொட்டி இல்லாமல் ஒரு தேங்க்ஸ்கிவிங் எனக்கு வந்ததே இல்லை. ஒரு பங்கு வான்கோழியைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். நானே அறுத்ததாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு என் ஆசிகள். நாய்க்கு முதுகில் ஒரு தட்டு. தங்கள் வீட்டுக் கூரையில் பனி அதிகம் தங்காமலும், கார் குளிரில் அடம்பிடிக்காமலும், எல்லாரும் தீர்க்காயுசாக இருக்கவும் வேண்டிக்கொண்டு,

தங்கள் மைத்துனன்,
வெர்னர் ஸ்கோக்லண்ட்

பி.கு.: மறுநாள் மதியம் எழுதுகிறேன். மேலே இருப்பதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் போட விதியின் எண் வேண்டுமே என்று காலையில் ஆர்டிஸைக் கேட்டேன். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள் அல்லவா, எழுந்து போய் விதிப் புத்தகத்தையே கொண்டுவந்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் நாம் பார்க்கிற தொழில்முறை ஆட்டத்துக்குத்தான் இரண்டு கால். பள்ளி ஆட்டத்துக்கு ஒரு கால் உள்ளே விழுந்தால் போதும். கண்ணாடி போட்டு மூன்று தடவையும் போடாமல் ஒரு தடவையும் படித்தேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க? ரெண்டு வாரமா சோபாவுலேர்ந்து குதிச்சுக்கிட்டே இருந்தீங்க" என்றாள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு எல்ராய் கடைக்குப் போனேன். எல்லாரும் படித்தார்கள். அப்புறம் விரல் கட்சியும் குதிகால் கட்சியும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்தன. விதியே தப்பு, பள்ளிக்கும் இரண்டு கால் வேண்டுமென்று மனுவை மாற்றி எழுது என்றார்கள். எல்ராய்தான் பேனாவை எடுத்துக் கொடுத்தான். கொடுத்தவன் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்துவிட்டான். போன வருடம் எங்கள் பள்ளிப் பையன் காஸ்பர் பந்தைப் பிடித்துக் கோப்பை வாங்கித் தந்த படம். ஒரு கால் புல்லில் இருக்கிறது. இன்னொரு கால் கோட்டுக்கு வெளியே, முரசு அடிக்கிறவன் தொப்பிக்கு மேலே இருக்கிறது. பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நடுவர் யார் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு நாங்கள் உங்களுக்கு மாலை போடாத குறை.

"ஏம்ப்பா வெர்னர், ரெண்டு கால் வேணும்னா கோப்பையைத் திருப்பிக் குடுக்கணுமேப்பா" என்றான் எல்ராய்.

ஒரு காலே போதும் என்று கடை மொத்தமும் முடிவு செய்ய அரை நிமிடம் ஆகவில்லை. மனுவை எல்ராயே கிழித்தான். கிழித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அப்ப நாம நெசமாவே தோத்துட்டமா?" தீயணைப்பு வண்டி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. யார் முதலில் சிரித்தது என்று தெரியாது, நான் ஆணி மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தேன்.

அந்த நேரம் பார்த்து பல்பு வாங்கக் கோச் உள்ளே வந்தார். ஒரு கால் விதி உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டோம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "தெரியும்ங்க. சொன்னா அந்த உதையைப் பத்திக் கேப்பீங்களேன்னு இருந்துட்டேன்" என்றார். அப்போதுதான் உறைத்தது. கடைசி நிமிடத்தில் இன்னும் ஒரே ஒரு கெஜம் ஓடியிருந்தால் பந்து எங்களிடமே இருந்திருக்கும், ஆட்டமும் எங்களுடையது. அவர் பந்தை உதைக்கச் சொல்லி எதிராளி கையில் கொடுத்தார். இரண்டு வாரச் சாப்பாட்டையும் வாங்கித் தின்றார்.

மாப்பிள்ளை, மன்னித்துவிடுங்கள். ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவும் தாங்கியிருக்கிறீர்கள், நான் உங்களை வர வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை நண்பகலுக்குள் வந்துவிடுங்கள், கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன். மார்லிஸிடம் ரொட்டி கூடவே சுடச் சொல்லுங்கள், எல்ராய் உங்கள் பக்கத்தில்தான் உட்காருவானாம்.

இதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கலாம், இத்தனை பக்கத்தைக் கிழிக்க மனசு வரவில்லை. தவிர, பதினேழு பேரில் கோச் போக மீதிப் பதினாறு பேரும், கோச் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்கிறார்கள். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை மறக்காமல் எடுத்து வாருங்கள், பெயரை மட்டும் மாற்றி அவருக்கு அனுப்ப வேண்டும்.