ஆராய்ச்சி மைனியும் அண்ணாச்சியின் நாலு மார்க்கும்

பம்பாயில் உள்ள பல்கலைக்கழகங்கள் அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, எங்கள் ஆராய்ச்சி மைனியை மறுதட்டில் உட்காரவைத்தால் எந்தத் தட்டு தாழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மைனி தட்டில் உட்கார்ந்திருந்தால்தானே? இறங்கிப் போய்த் தராசுக்காரனிடம், "இதுல எம்புட்டு எடை அடிப்பீரு? நெசத்தச் சொல்லும்" என்று விசாரித்துக்கொண்டிருப்பாள்.

தாராவியில் நான் குடியிருந்த மாடி அறைக்கு எதிர்வீடு அவளுடையது. மைனி என்றால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் அண்ணி; சந்தில் எல்லோருக்குமே அவள் மைனிதான். தோல் பைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டிக் கொடுப்பது தொழில். கை பையில் இருக்கும், கண் சந்தில் இருக்கும், கால் செருப்பைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு டம்ளர் டீயை அவள் உட்கார்ந்த இடத்தில் குடித்து முடித்து நான் பார்த்ததில்லை. பாதியில் எழுந்து போய்விடுவாள். டம்ளர் சாயங்காலம் யார் வீட்டு வாசலிலாவது அகப்படும்.

தாராவிக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வராத மாதமே கிடையாது. தண்ணீரைப் படிப்பவர், காற்றைப் படிப்பவர், மொழியைப் படிப்பவர், மனசைப் படிப்பவர். ஒருவர் படிப்பதற்கும் அடுத்தவர் படிப்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது மைனி வீட்டு வாசல் மட்டும்தான். கூப்பிட்டால் வருவாள், கூப்பிடாவிட்டால் முன்னாடியே வந்து நிற்பாள். நாங்களெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். மைனியோ, வந்தவர் போன மறுநாளே அதே ஆராய்ச்சியைத் தன் கையில் எடுத்துக்கொள்வாள். அங்கேதான் சந்துக்குச் சனி பிடிக்கும்.

கொசுவைப் படிக்கும் ஒருவர் வந்து சாக்கடைத் தண்ணீரைக் குப்பியில் மொண்டுகொண்டு போனார். மறுநாள் மைனி என்னையும் கீழ்வீட்டுச் செல்வினையும் பிடித்துவிட்டாள்.

"தம்பி, நீரு இந்த வெல்லத்தைத் தின்னும். செல்வினு, உமக்குப் பாவக்கா. தின்னுட்டு ரெண்டு பேரும் சட்டையைக் கழத்திட்டு உக்காருங்க."

"எதுக்கு மைனி?"

"கொசு இனிப்புக்கு வருதா, கசப்புக்கு வருதான்னு பாக்கணும்."

இருவரையும் கொசு பாரபட்சமில்லாமல் பிடுங்கியது. செல்வின் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் ஜெபம் பண்ணுகிறவர், நான் செவ்வாய் வெள்ளி திருநீறு பூசுகிறவன். மைனி எங்கள் முதுகுகளை நன்றாகப் பார்த்துவிட்டு முடிவை அறிவித்தாள்: "கொசுவுக்கு வேதக்காரங்க, நம்மாளுங்கன்னு வித்தியாசம் இல்ல. எல்லாம் ஒரே ருசிதான்."

அடுத்து, பம்பாய்த் தமிழைப் படிக்க ஒரு பெண் வந்தாள். "இயல்பாப் பேசுங்க அக்கா" என்றாள். "இயல்பாத்தான பேசுதேன். ஜரா தள்ளி உக்காரும்மா, பங்காவைப் போடுதேன், காலையிலேர்ந்து ஒரே புழுக்கம், லைட்டு வேற அப்பப்ப கட்டாவுது" என்றாள் மைனி. ஒரே மூச்சில் இத்தனை இந்தி கலந்து வந்ததில் அந்தப் பெண்ணுக்குப் புதையல் கிடைத்த மகிழ்ச்சி. அவள் போனதும் மைனிக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. நம்மாட்கள் கோபம் வந்தால் எந்த மொழியில் ஏசுகிறார்கள்? ஏச்சைக் கேட்கச் சண்டை வேண்டும். சண்டை தானாக வரும்வரை காத்திருக்க மைனிக்குப் பொறுமை ஏது? குழாயடியில் இருந்த வாளிகளை இடம் மாற்றி வைத்துவிட்டாள். சந்தே பற்றி எரிந்தது. "கோவம் வந்தா இந்திக்குப் போறாவ தம்பி. ரொம்பக் கோவம் வந்தா திரும்பத் தமிழுக்கே வந்துருதாவ" என்று என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னபோது அவள் முகத்தில் பட்டம் வாங்கிய களை.

இதையெல்லாம்கூடச் சந்து தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதது மனசைப் படிக்க வந்த மாணவியால் வந்தது. "உங்க சந்தோஷத்துக்கு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எத்தனை மார்க் போடுவீங்க?" இதுதான் அவள் கேள்வி.

"ஒம்பது. பத்து போட்டா கண்ணு பட்டுரும்" என்றாள் மைனி.

மறுநாள் காலையிலிருந்து வீடு வீடாக அதே கேள்வி. செல்வின் ஒன்பது என்றார். அவர் மனைவி ஆறு என்றாள். "நான் ஆறுல கெடக்கேன், உமக்கு மட்டும் எப்படி ஒம்பது?" என்று அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. நான் ஐந்து போட்டுத் தப்பித்தேன்.

கடைசியில் மைனி தன் வீட்டுக்காரரிடம் வந்தாள். அண்ணாச்சி மாட்டுங்காவில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளர். பேசவே காசு கேட்பவர் போல வாயைத் திறக்க மாட்டார். எதிர்வீட்டு ரசத்தில் உப்பு குறைந்தால் எங்கள் வீட்டில் தெரிந்துவிடும் சந்து அது. அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சியின் பதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நாலு."

சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

மறுநாள் மைனி யார் வீட்டுக்கும் போகவில்லை. சந்துக்கே காய்ச்சல் கண்ட மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, செருப்பைப் போடும். மாட்டுங்கா போவணும். மிச்சம் ஆறு எங்க போவுதுன்னு பாக்கணும்."

"அண்ணாச்சிகிட்டயே கேளுங்களேன் மைனி."

"ஊரையெல்லாம் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவியள ஒருநாளும் கேட்டதில்லையே தம்பி. இப்பப் போயி கேக்க பயமா இருக்கு."

மைனிக்குப் பயம் என்ற வார்த்தை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. சிரிக்க நினைத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

கடையிலிருந்து அண்ணாச்சி வெளியே வந்தார். பின்னாலேயே போனோம். மாட்டுங்கா ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வண்டி வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதையும் விட்டுவிட்டார். தூணுக்குப் பின்னால் நின்ற மைனி என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் மரத்துவிட்டன.

"யாருக்கோ காத்திருக்காவ" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

யாரும் வரவில்லை. அதற்குமேல் மைனியால் தாங்க முடியவில்லை. நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"யாருக்காக இங்க இருக்கிய?"

அண்ணாச்சி திடுக்கிட்டு எழுந்தார். "யாருக்காகவும் இல்லளா. சும்மா இருக்கேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

இத்தனை படிப்புக்காரர்கள் வந்து போனார்களே, ஒருவர்கூட மைனியிடம் சும்மா இருப்பதைப் பற்றிக் கேட்டதில்லை.

"அதை வீட்டுல வந்து இருக்கப்படாதா?"

"வீட்டுலதான் நீ இருக்கியே" என்றவர், அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "கடையில பகல் முழுக்க இது என்ன வெல, அது என்ன வெலன்னு கேக்காவ. வீட்டுக்கு வந்தா நீ கேக்கே. நடுவுல கொஞ்ச நேரம் இங்க என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. அம்புட்டுதான்ளா."

அப்போது ஒரு ஃபாஸ்ட் வண்டி பிளாட்பாரமே அதிர ஓடியது. மைனி காதைப் பொத்திக்கொண்டாள். "இந்தச் சத்தத்துலயா?"

"சத்தம் போட்டாலும் ரயிலு கேள்வி கேக்காதுல்லா."

மைனி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தள்ளியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மனுஷி சும்மா இருப்பதற்கு இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. கால் ஆடியது, அதைக் கையால் அமுக்கினாள். கை புடவை நூலைப் பிய்த்தது, அதை முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டாள். நாலைந்து முறை வாய் திறந்தது. ஒவ்வொரு முறையும் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அண்ணாச்சி இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து வறுகடலைப் பொட்டலத்தை எடுத்து, பாதியை அவள் உள்ளங்கையில் கொட்டினார்.

வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு ஸ்லோ வண்டி வந்தபோது, "வாளா, போவோம்" என்றார்.

வண்டியில் மைனி எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். அடுத்த ஸ்டேஷனான சயான் வருவதற்குள் முடியாமல் போயிற்று.

"இப்ப எத்தனை?"

அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "எட்டுக்கு வந்தது. நீ கேட்டதுல ஏழாப் போச்சு."

மைனி சிரித்த சிரிப்பில் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அதன்பிறகு சாயங்காலங்களில் அவள் மாட்டுங்காவுக்குப் போய்விடுவாள். அந்த நேரத்தில் சந்து நிம்மதியாக மூச்சு விடும். கொஞ்ச நேரத்தில் அந்த நிம்மதி எங்களுக்கே சலித்துப்போய், அவள் வருகிறாளா என்று முனையை எட்டிப்பார்ப்போம்.

நான் செம்பூருக்குக் குடிவந்து கொஞ்ச காலமாகிறது. பெரிய கட்டடம். யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. போன வாரம் மைனிக்குப் போன் போட்டேன்.

"மைனி, இங்க லிஃப்டுல ஏறுனா எல்லாரும் மேல ஓடுற நம்பரையே பாத்துட்டு நிக்காங்க. ஏன்னு தெரியல."

மறுமுனையில் செருப்பு தேடும் ஓசை கேட்டது.

"ஞாயித்துக்கெழம அவியளையும் கூட்டிட்டு வாறேன். அதுக்குள்ள யாருகிட்டயும் பேசிக் காரியத்தக் கெடுத்துராதேயும்."

ஏன் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மைனி வரவேண்டும், அவ்வளவுதான்.